கிளட்ச் நழுவுகிறது: பிளேட் மட்டுமா, முழு செட்டா, பாஸ்கெட்டோடு சேர்த்தா?

ஏற்றத்தில் த்ராட்டிலை முறுக்கினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி ஏற மறுக்கிறது. ஆஃப்ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்கு இது ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வரும். வந்ததும் குழப்பம் ஆரம்பிக்கும். கேபிளைச் சரிசெய்தால் போதுமா? ஃபிரிக்ஷன் பிளேட் மட்டும் வாங்கலாமா? ஸ்டீல் பிளேட், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த செட்டா? கவரைத் திறக்கும்போதே பாஸ்கெட்டையும் மாற்றிவிடலாமா? ஆளுக்கொன்று சொல்வார்கள். கவரைத் திறந்து அளக்காமல் சொல்லும் எந்தப் பதிலும் ஊகம்தான். பாதிப் பேர் தேவையில்லாததை மாற்றுகிறார்கள். மீதிப் பேர் மாற்ற வேண்டியதை உள்ளேயே விட்டுவிட்டு மூடுகிறார்கள்.

இங்கே பேசுவது எண்ணெயில் நனைந்து ஓடும் மல்டிபிளேட் கிளட்சைப் பற்றி. இதில் இன்ஜினோடு சுழலும் பாஸ்கெட் என்ற கூடையில் மாட்டிய ஃபிரிக்ஷன் பிளேட்களும், கியர்பாக்ஸோடு சுழலும் ஹப்பில் மாட்டிய ஸ்டீல் பிளேட்களும் மாறி மாறி அடுக்கியிருக்கும். பிரஷர் பிளேட்டின் வழியாக ஸ்பிரிங்குகள் அந்த அடுக்கை அழுத்திப் பிடிக்கும். லிவரைப் பிடித்தால் புஷ்ராட் என்ற கம்பி அந்த அழுத்தத்தை விலக்கும். ஆஃப்ரோடு பைக்குகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான்.

## கழற்றுவதற்கு முன்: நழுவலா, இழுவையா?

இரண்டு கோளாறுகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். நழுவல் என்றால் லிவரை விட்ட பிறகும் பிளேட்கள் முழுசாகப் பிடிக்கவில்லை. இழுவை என்றால் லிவரைப் பிடித்த பிறகும் பிளேட்கள் முழுசாக விடவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் பிளேட் வாங்கப் போனால் காசு வீண்.

நழுவலைச் சேற்றிலோ மணலிலோ சோதிக்கக் கூடாது. பின்சக்கரம் சுழன்றாலும் இன்ஜின் இதே மாதிரிதான் அலறும். தார்ச்சாலை போன்ற கெட்டித் தரையில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாவது அல்லது நான்காவது கியரில் மிதமான வேகத்தில் போகும்போது த்ராட்டிலை முழுசாகத் திறங்கள். லிவரை ஒரு கணம் பிடித்துச் சட்டென்று விடுங்கள். எகிறிய ஆர்பிஎம் உடனே இறங்கி வேகத்தோடு ஒட்டிக்கொண்டால் கிளட்ச் பிடிக்கிறது. மேலேயே நின்று மெதுவாக இறங்கினால் நழுவுகிறது. ஓட்ட இடமில்லையென்றால் நின்ற இடத்திலேயே பார்க்கலாம்: முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து, மூன்றாவது கியரில் கொஞ்சம் த்ராட்டில் கொடுத்து லிவரை விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் நழுவல் உறுதி. இதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். சோதனையே பிளேட்டைக் கருக்கிவிடும்.

இழுவையின் அடையாளம் வேறு. லிவரைப் பிடித்து முதல் கியரில் நிற்கும்போது வண்டி முன்னால் ஊர்கிறது, சூடானதும் நியூட்ரல் சிக்குவதில்லை, கியர் போடும்போது டொக்கென்று இடிக்கிறது. இதற்குத் தேய்ந்த ஃபிரிக்ஷன் பிளேட் காரணமாக இருப்பது அபூர்வம். கோணிய ஸ்டீல் பிளேட், பள்ளம் விழுந்த பாஸ்கெட், ஹைட்ராலிக் லைனில் காற்று, கேபிளில் அதிகப்படியான தளர்வு ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். ரொம்ப நாள் நிறுத்தி வைத்த வண்டி குளிரில் இழுத்தால் பயப்பட வேண்டாம். பிளேட்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். லிவரைப் பிடித்தபடி கியரில் முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

விலையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கீழே இருக்கிற ஐந்தையும் பார்த்தால் முடிவு தானாகவே வந்துவிடும்.

ஃபிரிக்ஷன் பிளேட்டின் தடிமன். எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பிளேட்டையும் மூன்று நான்கு இடங்களில் வெர்னியரால் அளக்க வேண்டும். பல பைக்குகளில் புதிய பிளேட் 3 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும். கழிக்க வேண்டிய எல்லை அதிலிருந்து 0.2 அல்லது 0.3 மி.மீ.தான் குறைவு. சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கண்ணால் பார்த்து இந்த வித்தியாசம் தெரியாது. எட்டு பிளேட் உள்ள கிளட்சில் ஒவ்வொன்றும் 0.15 மி.மீ. தேய்ந்தால் மொத்த அடுக்கில் 1.2 மி.மீ. குறைகிறது. அந்த அளவுக்கு ஸ்பிரிங்கின் அழுத்தமும் தளர்கிறது. அதனால்தான் "பிளேட் பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும் கிளட்சும் நழுவுகிறது.

ஸ்டீல் பிளேட்டின் தட்டைத்தன்மையும் நிறமும். தடிமனான கண்ணாடித் துண்டின் மேல் பிளேட்டை வைத்து ஓரங்களை விரலால் தட்டுங்கள். தட்டையான பிளேட் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கும். கோணியது டக் டக்கென்று ஆடும். ஆடினால் இடுக்கில் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். பல மேனுவல்களில் எல்லை இந்த அளவை ஒட்டித்தான். நிறமும் கதை சொல்லும். வைக்கோல் நிற மஞ்சள் லேசாகப் படர்ந்திருந்தால் பரவாயில்லை. நீலம் என்றால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெந்திருக்கிறது. அந்த பிளேட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

பாஸ்கெட், ஹப் விரல்கள். ஃபிரிக்ஷன் பிளேட்டின் காதுகள் பாஸ்கெட்டின் அலுமினிய விரல்களில் இடித்து இடித்துப் பள்ளம் போடும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரே சீரான இடைவெளியில் படிக்கட்டு போலத் தெரியும். நகத்தை மேலிருந்து கீழே இழுங்கள். லேசாகத் தட்டுப்பட்டால் ஒன்று, நகம் விழுந்து நின்றால் வேறு (இரண்டுக்கும் பதில் வழி 4இல்). ஸ்டீல் பிளேட் உட்காரும் ஹப்பின் பற்களையும் இதே மாதிரி பாருங்கள்.

ஸ்பிரிங் நீளம். எல்லா ஸ்பிரிங்கையும் அளந்து எல்லையோடு ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் குட்டையாகியிருந்தாலும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். சில கேடிஎம் வகைகளில் சுருள் ஸ்பிரிங்குகளுக்குப் பதில் ஒரே டயாஃப்ரம் ஸ்பிரிங்தான் இருக்கும்.

கருவியும் நேரமும். பிளேட் மாற்ற சாதாரண சாக்கெட்டும் ஒரு டார்க் ரென்ச்சும் போதும். பாஸ்கெட்டைக் கழற்ற ஹப்பைப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். இந்த வித்தியாசம் கூலியில் தெரியும்.

## வழி 1: கேபிள், எண்ணெய் மட்டும் சரிசெய்வது

காசு மிகக் குறைவு. ஆனால் இது சோதனையின் கடைசிப் படி, அவ்வளவுதான். பழுதான பிளேட்டை இது குணப்படுத்தாது.

கேபிள் கிளட்சில் பிளேட் தேயத் தேய லிவரின் தளர்வு குறைந்துகொண்டே வரும். அடுக்கு மெலிவதால் பிரஷர் பிளேட் உள்ளே போய் புஷ்ராடோடு முட்டிக்கொள்கிறது. கடைசியில் தளர்வே இல்லாமல், நீங்கள் லிவரைத் தொடாமலேயே, அதைப் பாதி பிடித்தது போல கிளட்ச் நழுவி ஓடும். பல கேபிள் வண்டிகளில் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். பெரிய சரிசெய்தலை இன்ஜின் பக்கமுள்ள அட்ஜஸ்டரில் செய்துவிட்டு, ஹேண்டில்பார் அட்ஜஸ்டரை வழியில் திருப்புவதற்கென்று நடுவில் விட்டு வையுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பியும் தளர்வைப் பாருங்கள். கேபிள் தப்பான வழியில் போயிருந்தால் ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் இழுபடும்.

சூடானால் நேர்மாறாக நடக்கும். பிளேட்கள் விரிந்து தளர்வு கூடும். சூட்டில் கூடிய தளர்வை அங்கேயே இறுக்கிவிட்டு, ஆறிய பிறகு மறந்துபோனால் அடுத்த நாள் காலையில் கிளட்ச் நழுவும். இப்படித் தானே வரவழைத்துக்கொண்ட நழுவல்கள் நிறைய.

ஹைட்ராலிக் கிளட்ச் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிவிடும். வசதிதான், ஆனால் தளர்வு குறைகிறது என்ற முன்னெச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்காது. அதிலும் லிவரின் தொடக்கத்தில் துளி ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை மூடியே கிடக்கும், திரவம் சூடாகி விரியும்போது லிவரைப் பிடித்தது போல கிளட்சைத் தானே தள்ளி விடுவித்துவிடும். திரவத்தை ஊற்றுமுன் மூடியைப் படியுங்கள். சிலவற்றில் டாட் 4 பிரேக் ஃப்ளூயிட், சிலவற்றில் மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் சீல்கள் ஊறிப் போய்விடும்.

எண்ணெய் விஷயத்தில் ஜாசோ (ஜப்பானியத் தரநிலை) எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை உள்ளதை மட்டும் ஊற்றுங்கள். எம்பி என்றிருப்பது உராய்வு குறைந்தது, நனைந்த கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு. எரிபொருள் சிக்கனம் என்று விளம்பரப்படுத்தும் கார் எண்ணெய்களிலும் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். தப்பான எண்ணெய் ஊற்றிய பிறகுதான் நழுவ ஆரம்பித்தது என்றால், சரியான எண்ணெய்க்கு மாற்றி இரண்டொரு முறை ஓட்டிப் பாருங்கள். தேறினாலும் தேறும். தேறாவிட்டால் பிளேட் அதை உறிஞ்சிவிட்டது.

எப்போது இதுவே சரி: தளர்வு காணாமல் போயிருக்கிறது, அல்லது சமீபத்தில்தான் எண்ணெயோ லிவரோ மாற்றப்பட்டிருக்கிறது. சரிசெய்த பிறகும் சூட்டில் நழுவினால் தயங்காமல் கவரைத் திறந்துவிடுங்கள். நழுவும் கிளட்சோடு ஓட்டும் ஒவ்வொரு ஏற்றமும் ஸ்டீல் பிளேட்டின் ஆயுளைத் தின்கிறது.

## வழி 2: ஃபிரிக்ஷன் பிளேட் மட்டும்

கேட்கச் சிக்கனமாக இருக்கும். சில நேரம் நிஜமாகவே சிக்கனம்தான். ஸ்டீல் பிளேட்கள் கண்ணாடிச் சோதனையில் ஆடாமல், நீலமாகாமல், ஸ்பிரிங் நீளமும் எல்லைக்குள் இருந்தால் அவற்றை மாற்றக் காரணமே இல்லை. வழவழவென்று கண்ணாடி போல மின்னும் ஸ்டீல் பிளேட்டை மட்டும் எமரி தாளால் வட்டவட்டமாகத் தேய்த்து மினுமினுப்பை எடுத்துவிட்டுப் போடலாம்.

மறைந்திருக்கும் செலவு எங்கே வருகிறது? அளக்காமல் போடும்போதுதான். கோணிய ஸ்டீலோடு புதிய ஃபிரிக்ஷன் சேர்ந்தால் மேடான இடங்கள் மட்டும் உரசும். அங்கே சூடு குவியும், கிளட்ச் உதறும், சில ரைடுகளிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும். பிறகு மறுபடி கவர், மறுபடி கேஸ்கெட், மறுபடி எண்ணெய். பழையதில் நன்றாயிருப்பதைப் பொறுக்கிப் புதியதோடு கலந்து போடுவது இன்னும் மோசம். தடிமன் மேனுவல் எல்லைக்கு மேல் இருந்தாலும் கருகிய வாசனை அடிக்கும் பிளேட்டைக் கழித்துவிட வேண்டியதுதான். மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆகிவிட்ட ஃபிரிக்ஷனை எமரியில் தேய்த்துப் போடுவது வீடு போய்ச் சேர உதவும். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

எப்போது இது சரி: சாதாரணத் தேய்மானம், ஒருமுறைகூட கிளட்சைக் கருக்கியதில்லை, ஸ்டீல் அளவில் தேறியிருக்கிறது.

## வழி 3: ஃபிரிக்ஷன், ஸ்டீல், ஸ்பிரிங் முழு செட்

கிளட்ச் ஒருமுறை புகைந்திருந்தால் பேச்சே இல்லை, இதுதான். ஆஃப்ரோடு ஓட்டத்தில் கிளட்ச் பெரும்பாலும் மெதுவாகத் தேய்ந்து சாவதில்லை. ஒரு சேற்று மேட்டில் பத்து நிமிடத்தில் வெந்து சாகிறது. வெந்தால் மூன்றுமே அடி வாங்குகிறது. அதனால் நழுவலில் தொடங்கிய ஆஃப்ரோடு வண்டிகளுக்கு எங்கள் முதல் தேர்வு இந்த வழிதான்.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, சில வண்டிகளில் உள்பக்க பிளேட் ஒன்றின் உள்விட்டம் பெரிதாக இருக்கும், அதற்குள் உதறலைக் குறைக்கும் ஜடர் ஸ்பிரிங்கும் அதன் வளையமும் உட்காரும். சில செட்களில் அந்த பிளேட் வராது. செட்டோடு வரும் குறிப்பைப் படிக்காமல் ஜடர் ஸ்பிரிங்கை எறிந்துவிடாதீர்கள். இரண்டாவது, பழைய அடுக்கின் மொத்த உயரத்தையும் புதியதன் உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். புதியது எதிர்பார்த்ததைவிடக் குறைவென்றால் எண்ணிக்கையிலோ தடிமனிலோ ஏதோ மாறியிருக்கிறது.

கடினமான ஸ்பிரிங் போட்டால் நழுவல் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். நிற்கும்தான். லிவர் கனத்துப் போகும், புஷ்ராடும் பேரிங்கும் கூடுதல் சுமை தாங்கும், தேய்ந்த பிளேட் தேய்ந்தபடியே உள்ளே இருக்கும். இன்ஜின் சக்தியைக் கூட்டியவர்களுக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்கு அது பழுதை மூடி மறைக்கும் வேலை.

மாற்றும் முறை:

1. கிளட்ச் கவர் பெரும்பாலும் வலப்பக்கம். வண்டியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் எண்ணெயை வடிக்காமலே திறக்கலாம். கருகிய கிளட்ச் என்றால் எப்படியும் வடித்தாக வேண்டும்.
2. புதிய ஃபிரிக்ஷன் பிளேட்களை முந்தின இரவே வண்டிக்கு ஊற்றும் அதே எண்ணெயில் ஊறப் போடுங்கள். காய்ந்த பிளேட் முதல் ஐந்து நிமிடத்திலேயே கருகும்.
3. ஸ்பிரிங் போல்ட்களைக் குறுக்காக, ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பிளேட்கள் வரும் வரிசையிலேயே துணியில் அடுக்கிப் படம் எடுங்கள்.
4. முதலிலும் கடைசியிலும் ஃபிரிக்ஷன் வருமாறு மாறி மாறி அடுக்குங்கள். சில வண்டிகளில் கடைசி ஃபிரிக்ஷனின் காது பக்கத்து ஆழமற்ற பள்ளத்தில் உட்காரும். ஸ்டீல் பிளேட்டின் கூர்முனை உள்ள பக்கம் எல்லாவற்றிலும் ஒரே திசையைப் பார்க்கட்டும்.
5. பிரஷர் பிளேட் பற்களோடு சரியாகப் பொருந்தியதா என்று கையால் அழுத்திப் பார்த்த பிறகே ஸ்பிரிங்கைப் போடுங்கள். இந்த 6 மி.மீ. போல்ட்களுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் டார்க். கைப்பலத்தில் முறுக்கினால் ஹப்பின் அலுமினியத் தூண் உடைந்து கையோடு வரும். பிறகு நான்காவது வழிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

## வழி 4: பாஸ்கெட், ஹப்போடு சேர்த்து

நழுவலுக்காக யாரும் பாஸ்கெட் மாற்ற வேண்டியதில்லை. இழுவைக்கும் உதறலுக்கும்தான் இது மருந்து. பள்ளம் விழுந்த விரல்களில் பிளேட்டின் காது மாட்டிக்கொள்ளும், லிவரைப் பிடித்தாலும் பிளேட்கள் பிரியாது. இப்படிப்பட்ட பாஸ்கெட்டில் எவ்வளவு விலையுயர்ந்த செட் போட்டாலும் இழுவை அப்படியேதான் இருக்கும்.

நகம் லேசாகத் தட்டுப்படும் பள்ளத்தை மெல்லிய தட்டை அரத்தால் சமன் செய்யலாம். அரப்பொடி இன்ஜினுக்குள் போகாமல் பாஸ்கெட்டைக் கழற்றி எடுத்துச் செய்வது உத்தமம். எல்லா விரல்களிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மூன்று விரல்கள் மட்டுமே முழுச் சுமையையும் தாங்கும். பள்ளம் அரை மி.மீ.க்குப் பக்கம் வந்துவிட்டால் அரத்தைக் கீழே வைத்துவிடுங்கள். இடைவெளி அகலமானால் காதுகள் இன்னும் வேகமெடுத்து இடிக்கும், புதிய பள்ளம் பழையதைவிடச் சீக்கிரம் விழும்.

செலவு பாஸ்கெட்டின் விலையோடு நிற்காது. ஹப் நட்டுக்குக் கீழே மடித்துவிடும் லாக் வாஷர் புதிதாக வேண்டும். பாஸ்கெட்டின் ஊசி பேரிங்கையும் அதன் உறையையும் பார்க்க வேண்டும். பாஸ்கெட்டுக்கும் அதன் பின்னாலுள்ள பெரிய கியருக்கும் இடையில் இருக்கும் ரப்பர்கள் செத்திருக்கிறதா என்றும் பாருங்கள்: கியரைப் பிடித்துக்கொண்டு பாஸ்கெட்டைத் திருகினால் தாராளமாக ஆடக் கூடாது. கடைந்தெடுத்த தனி பாஸ்கெட்கள் பலவற்றில் பழைய ரிவெட்டைத் துளைத்து எடுத்து, கியரைப் புதியதில் ஸ்க்ரூ போட்டு மாட்ட வேண்டும். திரெட் லாக் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போடாத ஒரு ஸ்க்ரூ கழன்றால் அது இன்ஜினுக்குள்தான் விழும். இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் கியரோடு சேர்ந்து வரும் கம்பெனி பாகத்தை வாங்குவதே நிம்மதி. எஃகு பாஸ்கெட் உள்ள வண்டிகளில் இந்தத் தலைவலி குறைவு.

எப்போது இது சரி: பள்ளம் ஆழம், இழுவை இருக்கிறது, வண்டியை இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள்.

## ஆட்டோ கிளட்ச்?

ரெக்லூஸ் போன்ற, லிவரைத் தொடாமலே இன்ஜின் வேகத்தைப் பொறுத்துத் தானே பிடித்து விடும் மையவிலக்கு கிளட்சைச் சிலர் தேய்மானத்துக்கு மாற்றாகப் பார்க்கிறார்கள். அது ஓட்டும் வசதிக்கான பாகம். கை வலி உள்ளவர்களுக்கும், மெதுவாகப் பாறை ஏறுபவர்களுக்கும் அருமை. ஆனால் இரண்டாவது மூன்றாவது கியரிலேயே கிளம்பும் சோம்பலுக்கு அது இடம் கொடுக்கிறது, அப்போது பிளேட் சத்தமில்லாமல் வேகும். பொருத்தும் இடைவெளியை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வது வழக்கம்போல நடக்காது. கியரில் போட்டு நிறுத்தினாலும் சரிவில் வண்டி உருளும்.

## ஒரே பார்வையில்

| நீங்கள் காண்பது | போதுமானது | கூடவே வரும் செலவு |
|---|---|---|
| லிவரில் தளர்வே இல்லை, நழுவல் | கேபிள் சரிசெய்தல் | தாமதித்தால் பிளேட் |
| தப்பான எண்ணெய்க்குப் பின் நழுவல் | எண்ணெய், ஃபில்டர் | தேறாவிட்டால் ஃபிரிக்ஷன் |
| தடிமன் எல்லைக்குக் கீழே, ஸ்டீல் தட்டை | ஃபிரிக்ஷன் மட்டும் | கேஸ்கெட் |
| கருகல் வாசனை, நீல ஸ்டீல் | முழு செட் | இரண்டு முறை எண்ணெய் |
| ஊர்தல், ஆழமான பள்ளம் | பாஸ்கெட், தேவைப்பட்டால் ஹப் | லாக் வாஷர், பேரிங், தனிக் கருவி |
| ஊர்தல், பஞ்சுபோன்ற லிவர் | ஹைட்ராலிக் காற்றெடுப்பு | திரவம் |

## மறுபடி வராமலிருக்க

மாற்றியதை ஒரு சீசனிலேயே மறுபடி கருக்குபவர்களின் வண்டியில் பெரும்பாலும் கியரிங் தப்பு. முதல் கியர் உயரமாக இருந்தால் மெதுவான இடங்களில் பாதி கிளட்ச் பிடிக்காமல் ஓட்டவே முடியாது. முன்னால் 13, பின்னால் 50 பல் உள்ள வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட்டை 12 ஆக்கினால் விகிதம் 3.85இலிருந்து 4.17 ஆகிறது, அதாவது எண் கூடினாலும் கியரிங் 8 சதவீதம் தாழ்கிறது. பின்னால் நான்கு பல் கூட்டினாலும் கிட்டத்தட்ட இதே பலன்தான். ஒரு முன் ஸ்ப்ராக்கெட்டின் விலை எந்த பிளேட் செட்டையும்விடக் குறைவு. செயின் சிறிய வட்டத்தில் திரும்புவதால் ஸ்விங்ஆர்ம் மேலுள்ள உரசல் பட்டை வேகமாகத் தேயும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது ஒரு விரல் லிவரில் தொங்கிக்கொண்டே இருப்பது கெட்ட பழக்கம். ஏற்றத்தில் நழுவவிட வேண்டுமென்றால் விட்டுவிட்டுச் சின்னச் சின்னதாக நழுவவிடுங்கள், பாதியில் பிடித்தபடியே தொடராதீர்கள். காத்திருக்கும்போது கியரில் லிவரைப் பிடித்து நிற்காமல் நியூட்ரலுக்குப் போங்கள். லிவர் பஞ்சுபோல ஆகி, பிடிக்கும் இடம் நகர ஆரம்பித்தால் கிளட்ச் கொதிக்கிறது. அங்கேயே நின்று ஆறவிடுங்கள். இன்னும் ஒரே ஒரு முயற்சி என்று போவதில்தான் ஸ்டீல் நீலமாகிறது.

இந்த வண்டிகளில் எண்ணெயே ஒரு லிட்டர் வாக்கில்தான் இருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் சேர்த்து அதைவிடவும் குறைவு. ஆற்றைக் கடந்த பிறகு எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அடுத்த ரைடுக்கு முன் மாற்றிவிடுங்கள், தண்ணீர் ஃபிரிக்ஷன் பரப்பை ஊற வைக்கும். புதிய செட் போட்ட வண்டியில் முதல் இரண்டு மூன்று மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எண்ணெயை வடித்து, அதிலுள்ள வடிகட்டியில் கருப்பு நார் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் பிளேட்கள் படிந்து லிவரின் தளர்வும் மாறியிருக்கும். வண்டி முழுசாக ஆறிய நிலையில் அதை மறுபடி 10 முதல் 20 மி.மீ.க்குள் கொண்டு வந்துவிடுங்கள்.